சத்தி ரோட்டில் வந்த தோட்டம்

சத்தி ரோட்டில் ஒரு தோட்டம் வந்துகொண்டிருக்கிறது, வேலியும் கிணறும் மாடும் கோழியுமாக மொத்தமாகக் கிளம்பி அன்னூரை நோக்கி வந்துகொண்டிருக்கிறது என்ற செய்தி கோயம்புத்தூர் கணபதியில் இருக்கும் நந்தவனம் எலைட் அடுக்ககத்துக்கு எட்டிய காலையில், அங்கே குடியிருந்த முப்பத்தாறு வீட்டுக்காரர்களில் ஒருவர்கூட அது எப்படி நடக்கிறது என்று கேட்கவில்லை. வந்தால் எங்கே நிறுத்துவது என்றுதான் கேட்டார்கள். விருந்தாளிகளின் வண்டி நிறுத்த அந்த அடுக்ககத்தில் மூன்று கார் இடம்தான் உண்டு, அதிலும் ஒன்றில் சங்கத் தலைவர் ஆடிட்டர் நாகநாதனின் ஸ்கூட்டர் ஏழு வருடமாக உறை போட்டுத் தூங்குகிறது, தோட்டமோ இரண்டரை ஏக்கர்.

செய்தியைக் கொண்டுவந்தவர் மூன்றாம் மாடி ஷம்ஷாத் டீச்சர். பள்ளிக்கூடத்தில் கணக்குப் பாடம் எடுப்பவர் என்பதால் எதையும் கூட்டிக் குறைத்துச் சொல்லமாட்டார் என்று எல்லோருக்கும் நம்பிக்கை. "புளியம்பட்டி தாண்டிருச்சாம். கிணறு ஒரு சொட்டு தளும்பலையாம்" என்று அவர் சொன்னபோது, நாலாம் மாடி பி 402-இல் இருக்கும் கனகமணியின் கையிலிருந்த தோசைக்கரண்டி நழுவி விழுந்தது. அதை எடுக்கக்கூடத் தோன்றாமல் அவள் பால்கனிக்கு ஓடி வடக்கே பார்த்தாள். செல்போன் கோபுரங்களும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளும்தான் தெரிந்தன. அடுப்பில் தோசை கருகிற்று.

இதை இப்படி நடுவிலிருந்து சொன்னால் ஒட்டாது. திட்டம் போட்ட நாளிலிருந்து வருவோம்.

நந்தவனம் எலைட் பெயருக்குத்தான் நந்தவனம். முகப்பில் இரண்டு பிளாஸ்டிக் பனைமரங்கள் உண்டு, வாரம் ஒருமுறை அவற்றைத் துணியால் துடைப்பார்கள், அவ்வளவுதான் அங்கே பச்சை. வருடத்துக்கு ஒருமுறை எல்லோரும் சேர்ந்து எங்காவது போய்வருவது வழக்கம், ஒரு வருடம் கோவில் என்றால் மறு வருடம் அருவி, எங்கே போனாலும் புளிசாதம். அந்தச் சுற்றுலாக் குழுவுக்குக் கனகமணிதான் செயலாளர், வேறு யாரும் வர மறுத்ததால் உறுப்பினரும் அவளே. இந்த வருடம் அவள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து லிப்டுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். சத்தியமங்கலத்துக்கு அந்தப் பக்கம் வெள்ளோடைப்பாளையத்தில் ஓர் இயற்கை வேளாண் பண்ணையும் நாட்டுத் தோட்டமும் இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை போகலாம், கிணற்றில் குளிக்கலாம், மாட்டுக்குத் தீனி போடலாம், வெண்டைக்காயைச் செடியிலிருந்தே ஒடித்துக் கடிக்கலாம், மத்தியானம் மரத்தடியில் வாழையிலைச் சாப்பாடு. இரண்டே நாளில் நாற்பத்திரண்டு பேர் பெயர் கொடுத்தார்கள். அந்தப் பண்ணை தன் கூடப்பிறந்த தங்கை விசாலத்தினுடையது என்று கனகமணி அந்தக் காகிதத்தில் எழுதவில்லை, ஒருவரிடமும் வாய் திறந்து சொல்லவும் இல்லை. அவள் வீட்டுக்காரர் தங்கராசுவுக்கு மட்டும் தெரியும். அவர் பம்புசெட் கடைக்காரர், தண்ணீரைத் தவிர எதையும் வெளியே விடமாட்டார்.

அக்காளும் தங்கையும் பேசி ஆறு வருடம். அடிதடி இல்லை, சொத்துத் தகராறு இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் விசேஷம் என்றால் பத்திரிகை அடித்ததும் முதல் பத்திரிகை சாமிக்கு, அடுத்தது கூடப்பிறந்தவர்களுக்கு. தட்டில் வெற்றிலை பாக்கு மஞ்சள் குங்குமம் வைத்து, வீடு தேடி வந்து, உட்கார்ந்து ஒரு வாய் தண்ணீராவது குடித்து, எழுந்து நின்று இரண்டு கையாலும் கொடுத்து அழைக்க வேண்டும். விசாலமும் அவள் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவும் பண்ணைக்குள்ளே ஓட்டு வீடு கட்டிப் பால் காய்ச்சினபோது, கிணற்று வேலையும் கூரை வேலையும் ஒன்றாக வந்து கழுத்தை நெரித்ததில், பத்திரிகையைப் போட்டோ எடுத்து போனில் எல்லோருக்கும் அனுப்பிவிட்டாள். அக்காதானே, அக்காவுக்கு என்ன மரியாதைப் பேச்சு, முந்தின நாளே பெட்டியோடு வந்து அடுப்படியில் நின்றுவிடுவாள் என்று நினைத்தாள். அக்காளோ, பால்காரருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் வந்த அதே போட்டோ அதே நிமிடத்தில் தனக்கும் வந்ததைப் பார்த்தாள். பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பிவிட்டு, போகாமல் இருந்துவிட்டாள். அந்தக் கட்டைவிரல் ஆறு வருடமாக அப்படியே நின்றது. அதற்கு மேலே விசாலமும் எதுவும் அனுப்பவில்லை, கீழே கனகமணியும் எதுவும் எழுதவில்லை.

கனகமணிக்குத் தங்கை வேண்டும். பச்சையாகச் சொல்வதென்றால், ஆறு வருடமும் நல்லது கெட்டது எது நடந்தாலும் முதலில் விசாலத்திடம் சொல்லத்தான் அவள் வாய் வந்தது, வந்து வந்து உள்ளேயே போயிற்று. ஆனால் முதலில் போய் வாசலை மிதிக்கிற ஆளாகத் தான் இருக்கக் கூடாது. அதற்காகத்தான் இந்தச் சுற்றுலா. நாற்பத்திரண்டு பேர் கும்பலில் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு போய் இறங்கினால், யார் யாரைத் தேடி வந்தார்கள் என்று யார் கண்டுபிடிப்பார்? பண்ணைக்கு போன் போட்டுப் பேசும் வேலையை ஷம்ஷாத் டீச்சரிடம் தள்ளினாள். பெயர்ப் பட்டியலில் தன்னை கே. மணி என்று மட்டும் போட்டாள். யாருக்கு எது ஆகாது என்று பண்ணையில் கேட்டார்களாம், டீச்சர் வீடு வீடாக வந்து எழுதினார், ஒருவருக்குக் கத்தரிக்காய், ஒருவருக்குக் கடலை. கனகமணிக்கு மோரில் இஞ்சி விழுந்தால் அன்றைக்கு முழுக்க விக்கல். சின்ன வயதிலிருந்தே அப்படி. அதைச் சொன்னால் விசாலத்துக்கு ஆள் தெரிந்துவிடும். "எனக்கு எல்லாமே ஆகுமுங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டாள்.

ஆக எல்லாம் சரியாகத்தான் இருந்தது, தேதியைத் தவிர. முதல் ஞாயிறு வளர்பிறை முகூர்த்தம், எல்லோருக்கும் கல்யாணம் இருக்கும் என்றாள் கனகமணி, தள்ளிப்போட்டார்கள். இரண்டாவது ஞாயிறு கீழே தண்ணீர்த் தொட்டி கழுவுகிற நாள் என்று கண்டுபிடித்தாள். மூன்றாவது ஞாயிறு அஷ்டமி. நாலாவது ஞாயிறுக்குக் காரணமே அகப்படாமல், பஸ்காரருக்கு உடம்பு சரியில்லை என்று அவளே சொல்லி, அவளே வருத்தப்பட்டாள். உள்ளது என்னவென்றால், ஒவ்வொரு சனிக்கிழமையும் சேலையை இஸ்திரி போட்டு மடித்து வைத்தவுடன் அவளுக்கு ஒரே யோசனை வந்துவிடும். கண்ணாடியைக் கழற்றச் சொல்லிப் பார்த்துவிட்டு, விசாலம் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டால்? அப்புறம் எந்தக் கும்பலில் ஒளிந்துகொண்டு திரும்பி வருவது?

அங்கே வெள்ளோடைப்பாளையத்தில் நாலு சனிக்கிழமையும் வாசல் தெளித்து, வாழையிலை அறுத்து, மாடுகளைக் குளிப்பாட்டிக் கொம்புக்கு எண்ணெய் தடவி வைத்திருந்தார்கள். வெண்டை தன்னால் முடிந்தமட்டும் முற்றாமல் பிடித்து வைத்துக்கொண்டிருந்தது. விருந்தாளி வருகிறார் என்றால் பஸ் நிற்கும் இடம்வரை போய்க் கூட்டிவருவது அந்த ஊரில் பழக்கம். வர நேரமானால் இன்னும் நாலு எட்டு முன்னே போய்ப் பார்ப்பார்கள். நாலாவது முறையும் யாரும் வரவில்லை என்றானதும் தோட்டம் எழுந்து, எதிரே போய்ப் பார்த்துவரலாம் என்று கிளம்பிற்று. இருந்த இடத்தில் சிவப்பு மண்ணும், வாய்க்கால் வந்து முட்டும் மடையும் மட்டும் மிச்சம்.

"நீங்க தேதி மாத்துனதப் பத்தி ஒண்ணுமில்லீங்க டீச்சர்" என்று போனில் நாச்சிமுத்து சொன்னாராம். "ஆனா தோட்டம் கெளம்பிருச்சுங்க."

"எங்கீங்க?"

"உங்கள எதுக்கத்தானுங்க. நேத்துப் புளியம்பட்டி தாண்டிட்டோம். சந்தைக்கு வந்தவங்க உள்ள பூந்து வெலை கேட்டுத் தொல்ல பண்ணீட்டாங்க, அதுல அரை நாளு போச்சுங்க."

ஷம்ஷாத் டீச்சர் காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டார். எழுபது கிலோமீட்டர், வெயில் நேரத்தில் நிற்கிறது, மாடு அசைபோடும்போது நிற்கிறது, பொழுது சாய்ந்தால் நகர்வதில்லை, அப்படிப் பார்த்தால் வருகிற ஞாயிறு காலை பத்தேகால் மணிக்கு கணபதி. கணக்கு அவ்வளவு சுத்தமாக வந்ததில் டீச்சருக்கே சந்தோஷம் தாங்கவில்லை.

அந்த வாரம் சத்தி ரோட்டில் நடந்ததையெல்லாம் சொன்னால் பொழுது போதாது. நாச்சிமுத்து நீளமான கம்பி ஏற்றின லாரிக்குக் கட்டுவதுபோல ஒரு குச்சியில் சிவப்புத் துணி கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னே நடந்தார், பின்னே அறுபத்திரண்டு தென்னையும் காற்றில் தலையாட்டிக்கொண்டு வந்தன, அதற்கும் பின்னே வெள்ளோடைப்பாளையத்து வி.ஏ.ஓ மொபெட்டில் புல வரைபடத்தை மடியில் வைத்துக்கொண்டு வந்தார், ஏனென்றால் சர்வே நம்பர் எங்கே போகிறதோ அங்கே அவருக்கு வேலை. அன்னூரில் ஒரு கல்யாணக் கோஷ்டி பொண்ணையும் மாப்பிள்ளையையும் உள்ளே அழைத்துப்போய் முருங்கை மரத்தடியில் போட்டோ எடுத்தது, எடுத்து முடிப்பதற்குள் தோட்டம் நகர்ந்துவிட, மாப்பிள்ளை வீட்டார் இரண்டு கிலோமீட்டர் பின்னாலேயே ஓடிவந்து இருவரையும் இறக்கிக்கொண்டார்கள். கோவில்பாளையத்தில் ஒரு கட்சி வட்டச் செயலாளர் தன் படத்தைப் பெரிதாகவும் தோட்டத்தின் படத்தைச் சிறிதாகவும் போட்டு வருக வருக என்று பேனர் வைத்தார். டவுன் பஸ் கண்டக்டர்கள் மட்டும் எரிச்சல்பட்டார்கள், அவர்கள் எதற்கும் எரிச்சல்படுகிறவர்கள்தான். பேப்பரில் ஐந்தாம் பக்கத்தில் சின்னதாகப் போட்டிருந்தார்கள்: தோட்டம் வருகை, சத்தி சாலையில் போக்குவரத்து மாற்றம்.

நந்தவனம் எலைட்டில் அவசரக் கூட்டம் கூட்டினார்கள். ஆடிட்டர் நாகநாதன் சங்க விதிப் புத்தகத்தைக் கொண்டுவந்து மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"விதி பதினாலு. செல்லப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை."

"அதுக செல்லப் பிராணி இல்லீங்க, பால் மாடு" என்றார் தங்கராசு.

"இயற்கைப் பண்ணைன்னா பூச்சி வருமே?"

"பூச்சி எல்லாம் நாச்சிமுத்து பேச்சக் கேக்குமுங்க" என்று சொல்லிவிட்டு, தனக்கு அந்தப் பெயர் எப்படித் தெரியும் என்று யாராவது கேட்பதற்குள் தங்கராசு இருமிச் சமாளித்தார்.

ஏ பிளாக்காரர்கள் கொசு வரும் என்று பயந்தார்கள், பி பிளாக்காரர்கள் காற்று வரும் என்று தங்கள் பக்கம் நிறுத்தச் சொன்னார்கள், உடனே ஏ பிளாக்காரர்களும் காற்று வேண்டும் என்றார்கள். கடைசியில் ஷம்ஷாத் டீச்சர் எழுந்து, "வர்ற விருந்தாளிக்கு எடம் இருக்கா இல்லையான்னு ஒரு மணி நேரமாப் பேசறோம், வந்தா என்ன குடுக்கறதுன்னு ஒருத்தரும் பேசலையே" என்றார். எல்லோருக்கும் சுருக்கென்றது. ஒரு தோட்டத்துக்குக் காபி கொடுக்க முடியாது, பஜ்ஜி போட முடியாது. யோசித்து யோசித்து, தண்ணீர்தான் என்று முடிவாயிற்று. அதுவும் தொட்டித் தண்ணீர் ஆகாது, சிறுவாணித் தண்ணீர். கோயம்புத்தூர்க்காரர்களுக்கு அதைவிடப் பெரிய மரியாதை செய்யத் தெரியாது. வீட்டுக்கு ஒரு குடம், மொத்தம் முப்பத்தாறு குடம், யாரும் அதைத் தொடக்கூடாது.

அதன்பிறகு அடுக்ககத்துக்குத் தலைகால் புரியவில்லை. லிப்டில் ஏறினால் கறிவேப்பிலை வாசனை அடித்தது. ஒன்பது மணிக்கு எழுந்திருக்கிற கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் ஐந்தரைக்கு எழுந்து மொட்டைமாடியில் வடக்கே பார்த்துக்கொண்டு பல் விளக்கினார்கள். வெளியே போய்வருகிறவர்கள் காலைக் கழுவிவிட்டு உள்ளே நுழைந்தார்கள், ஏன் என்று கேட்டால் சிரித்தார்கள். ஆடிட்டர் நாகநாதன், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு, மாட்டைக் கூப்பிடுகிற மாதிரி ப்பா ப்பா என்று குரல் கொடுத்துப் பழகினார். முகப்பிலிருந்த பிளாஸ்டிக் பனைமரங்களைப் பார்த்தால் வருகிற தென்னைகள் என்ன நினைக்கும் என்று கூச்சமாகிப்போய், யாரோ அவற்றின் மேலே போர்வையைப் போட்டு மூடிவிட்டார்கள்.

கனகமணிக்கு அதே தலைசுற்றல் இரண்டு பங்கு. பாத்திரம் கழுவும்போது தானாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே பயம் வந்து வாயை மூடிற்று.

"கனகு, உந்தங்கச்சி எழுபது கிலோமீட்டர் வந்துட்டிருக்கா" என்றார் தங்கராசு.

"தோட்டம் வருது. அவளும் வர்றாளான்னு யாரு கண்டா?"

"தோட்டம் தனியாக் கெளம்பி வருமா?"

"வரக்கூடாதுன்னு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

தங்கராசு சங்க விதிகளையெல்லாம் மனதுக்குள் புரட்டிப் பார்த்தார். அப்படி எதுவும் இருப்பதாக அவருக்கும் தெரியவில்லை.

சனிக்கிழமை தோட்டம் சரவணம்பட்டி வந்துவிட்டது. அன்று சாயங்காலம் ஷம்ஷாத் டீச்சர் மூச்சிரைக்க மாடியேறி வந்தார். திங்கட்கிழமை விடிந்தால் வெள்ளோடைப்பாளையத்துக்கு வாய்க்கால் முறை, மூன்று வாரத்துக்கு ஒருமுறை வருகிற தண்ணீர், தண்ணீர் வருகிற நேரத்தில் நிலம் அந்த இடத்தில் இல்லையென்றால் முறை அடுத்தவர் காட்டுக்குப் போய்விடும். அதனால் ஞாயிறு பன்னிரண்டு மணிக்குத் தோட்டம் திரும்பியாக வேண்டும். போகும்போது வேகமாகப் போய்விடுமாம், மேய்ச்சலிலிருந்து வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி.

"அப்புறம் இன்னொரு நாளைக்கு வருமுங்களா?" என்று கேட்டாள் கனகமணி.

"கேட்டேனுங்க. ஒருதடவ எதுக்க வந்து கூப்பிடறது மொறை, வரலேன்னா ரெண்டாந்தடவ அதுக்கே கூச்சமா இருக்கும்னாங்க."

"டீச்சர், அத அடுத்த வாரம் வரச் சொல்லீரலாமுங்களா?"

"வந்துட்டிருக்கற தோட்டத்துக்கு எப்பிடீங்க தேதி மாத்தறது?" என்றார் டீச்சர்.

ஞாயிற்றுக்கிழமை பத்தேகால் என்றால் பத்தேகால். முதலில் மண்வாசனை வந்தது, பிறகு இரண்டு கோழிகள் வேவு பார்ப்பதுபோல வந்து கேட்டுக்கு முன்னால் கிளறிவிட்டுப் போயின, அப்புறம் சிவப்புத் துணியோடு நாச்சிமுத்து, அவருக்குப் பின்னால் தெருவையே அடைத்துக்கொண்டு பச்சை. அடுக்ககமே முகப்பில் நின்றது, ஆளுக்கொரு குடத்தோடு. ஒரு பொட்டுச் சத்தமில்லாமல் தோட்டம் வேலியை கேட்டுக்கு எதிரே கொண்டுவந்து நிறுத்திற்று. கேட் பன்னிரண்டு அடி, அதற்குள் இரண்டரை ஏக்கர் நுழைய முடியாது. வேலிக்கும் கேட்டுக்கும் நடுவே தார் ரோடு மிச்சம் நின்றது, சரியாக ஒரே ஒரு எட்டு அகலம்.

வேலிப்படலுக்குப் பக்கத்தில், முழங்கால்வரை சேறும் தலையில் துண்டுமாக, இரண்டு கையிலும் ஒரு தட்டை ஏந்திக்கொண்டு விசாலம் நின்றிருந்தாள்.

வாட்ச்மேன் குழந்தைவேல் நோட்டைத் திறந்தார். அவர் கையெழுத்து வாங்காமல் ஓர் ஈயைக்கூட உள்ளே விடமாட்டார், போன வருடம் ஏ பிளாக் கல்யாணத்துக்கு வந்த குதிரையின் பெயரையும் கேட்டு எழுதியவர்.

"எங்கிருந்துங்க?"

"வெள்ளோடப்பாளையம்."

"எத்தன பேருங்க?"

"ஆளு ரெண்டு. மாடு நாலு, அதுல ஒண்ணு செனை. தென்ன அறுவத்திரெண்டு. வாழ, முருங்க, செடி கொடியெல்லாம் எண்ணோணுமுங்களா?"

"எண்ணாட்டி ஆடிட்டரு சத்தம் போடுவாருங்க."

இருவருமாக எண்ண ஆரம்பித்தார்கள். வாழையில் நூற்றுப் பதினெட்டு வந்தபோது குழந்தைவேலுக்குக் கண்ணைக் கட்டிற்று. எழுதினதையெல்லாம் அடித்துவிட்டு, 'குடும்பத்துடன்' என்று எழுதிக்கொண்டார்.

"யாரப் பாக்கோணும்?"

"எங்கக்கா. பி நானூத்திரெண்டு."

முப்பத்தாறு வீட்டாரும் ஒரே நேரத்தில் கழுத்தைத் திருப்பி நாலாம் மாடியைப் பார்த்தார்கள். அங்கே கொடியில் காய்ந்த போர்வைக்குப் பின்னால், இஸ்திரி போட்ட ஐந்து சேலையில் ஒன்றையும் கட்ட முடிவாகாமல், நைட்டியும் தோளில் துண்டுமாகக் கனகமணி குந்தியிருந்தாள். "ஏனுங்க கனகமணியக்கா, உங்க தங்கச்சியா!" என்று ஷம்ஷாத் டீச்சர் கீழேயிருந்து கத்தினார். பட்டியலில் கே. மணி என்று பெயரைச் சுருக்கினது ஏன் என்று அவருக்கு அப்போதுதான் விளங்கிற்று.

"வீட்டுக்காரங்க எறங்கி வந்து கையெழுத்துப் போட்டுக் கூட்டிட்டுப் போகோணுமுங்க" என்றார் குழந்தைவேல்.

"எனக்கு எறங்கி வர்றதுக்கில்லீங்களே" என்றாள் விசாலம். "நான் கால எடுத்துக் கீழ வெச்சா தோட்டம் திரும்பிரும். இத்தன தூரமும் நான் மேல நின்னதுனாலதான் வந்துது."

குழந்தைவேல் இன்டர்காமை எடுத்து 402-ஐ அழுத்தினார். மேலே மணி அடிப்பது கீழே எல்லோருக்கும் கேட்டது. அடித்தது, அடித்தது, நின்றது. மணி பதினொன்றே முக்கால். நாச்சிமுத்து வெயிலைப் பார்த்தார், சிவப்புத் துணிக் குச்சியைத் தோட்டத்தின் பின்பக்கத்துக்குக் கொண்டுபோய், திரும்பும் திசையைப் பார்த்து நின்றார். மாடுகள் அசைபோடுவதை நிறுத்தின.

அப்போதுதான் படிக்கட்டில் தடதடவென்று சத்தம் கேட்டது. லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல் கனகமணி நாலு மாடியும் இறங்கி ஓடிவந்தாள், செருப்பில்லாமல், கறுப்புக் கண்ணாடியை மட்டும் மறக்காமல் மாட்டிக்கொண்டு. கேட்டுக்கு வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம். அதன் நடுவே ஓரம் மடங்கி மங்கிப்போன ஒரு பத்திரிகை, ஆறு வருடத்துக்கு முன்னால் அடித்தது.

"அன்னிக்கே வந்து வெச்சிருக்கோணும்" என்றாள் விசாலம். "போன்ல அனுப்பிச்சது தப்பு. நம்ம அக்காதானேன்னு நெனச்சுப்போட்டேன்."

கனகமணிக்கு என்னென்னவோ சொல்ல வந்தது. கடைசியில் வெளியே வந்தது, "தேதி முடிஞ்சுபோச்சே விசாலம்" என்பதுதான்.

"நீதான் மாத்தீட்டே இருக்கறயே. நாலு வாட்டி தேதி மாத்துன ஆளு எங்கக்காளத் தவிர வேற ஆரா இருக்கும்னு ரெண்டாவது வாட்டியே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. உன் கண்ணாலத்துக்கே மூணு வாட்டி மாத்துனவ நீ."

தங்கராசு பின்னாலிருந்து "நாலு" என்றார்.

"தனியா ஒரு பஸ் புடிச்சு வந்திருக்கலாமல்ல? இப்பிடி ஊரையே கூட்டீட்டு..." என்றாள் கனகமணி.

"தனியா வந்தா கதவத் தெறந்திருப்பியாக்கா?"

திறந்திருக்கமாட்டாள். அது அவளுக்கும் தெரியும். கனகமணி கண்ணாடியைக் கழற்றி நைட்டிப் பைக்குள் போட்டாள். அழுகை பொத்துக்கொண்டு வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது, இரண்டும் ஒரே வாசலில் முட்டிக்கொண்டதில் மூக்கு மட்டும்தான் ஒழுகிற்று. பத்திரிகை வாங்குகிறவர்கள் 'வந்துர்றோம்' என்று சொல்ல வேண்டும், அதுதான் முறை. அதைச் சொல்வதற்குள் அவள் கேட்டைத் தாண்டி, அந்த ஒரு எட்டுத் தாரைத் தாண்டி, ஈர மண்ணில் இரண்டு காலையும் வைத்துவிட்டாள். இரண்டு கையாலும் தட்டை வாங்கினாள். விசாலம் அவள் நெற்றியில் வைத்த குங்குமம் பாதி மூக்கில் கொட்டிற்று.

முப்பத்தாறு வீட்டாரும் ஓவென்று கத்திக்கொண்டு ஓடிவந்து குடங்களை வேலியோரம் கவிழ்த்தார்கள். சிறுவாணித் தண்ணீரைத் தோட்டம் ஒரே இழுப்பில் குடித்தது. குடித்ததும் வாழைகள் பதினொன்று ஒரே நேரத்தில் பூத் தள்ளின, கோழிகள் தென்னை உயரத்துக்குப் பறந்தன, கிணறு முதல்முறையாகத் தளும்பி ஆடிட்டர் நாகநாதனை இடுப்புவரை நனைத்தது. அவர் விதிப் புத்தகத்தைத் தலைக்குமேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு ப்பா ப்பா என்று கூப்பிட, சினை மாடு வந்து அதன் ஓரத்தைக் கடித்து, விதி பதினாலு வரை தின்றது.

மணி பன்னிரண்டு. தோட்டம் மெல்லத் திரும்பிற்று. "ஐயோ, கெளம்புது, ஏறுங்க, ஏறுங்க!" என்று ஷம்ஷாத் டீச்சர் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் குதித்தார், பின்னால் நாற்பது பேரும் புளிசாதத் தூக்குகளோடு குதித்தார்கள், கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன்கள் முருங்கைக் கிளையைப் பிடித்துத் தொற்றினார்கள். "கனகு, கேஸ் நிறுத்துனியா?" என்று கத்திக்கொண்டே தங்கராசு வீட்டுக்குள் ஓடி, நிறுத்தி, ஓடிவந்து, கடைசித் தென்னையைக் கட்டிப்பிடித்து ஏறினார். குழந்தைவேல் மட்டும் கேட்டில் நின்று, வெளியே போனவர் என்ற பத்தியில் யார் பெயரை எழுதுவது என்று தெரியாமல், மறுபடியும் 'குடும்பத்துடன்' என்றே எழுதினார். போர்வைக்குள் இருந்த பிளாஸ்டிக் பனைமரங்களும் அங்கேயே நின்றன.

கணபதி போயிற்று, சரவணம்பட்டி போயிற்று, கோவில்பாளையத்து பேனர் போயிற்று. ரோட்டோரம் நின்றவர்களுக்கெல்லாம் எல்லோரும் கையசைத்தார்கள். வாழையிலை அறுத்துப் பந்தி போட்டாயிற்று. கனகமணி வரப்பில் கால் நீட்டி உட்கார்ந்து, ஆறு வருடத்துச் சேதியை எந்த வருடத்திலிருந்து ஆரம்பிப்பது என்று தெரியாமல் எல்லா வருடத்தையும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தாள். விசாலம் ஒரு பெரிய பானையிலிருந்து எல்லோருக்கும் மோர் மொண்டு கொடுத்துவிட்டு, தனியாக மூடி வைத்திருந்த ஒரு சொம்பை எடுத்துவந்து அக்காள் கையில் கொடுத்தாள்.

"எதுக்குத் தனியா?"

"குடி மொதல்ல."

விக்கல் வந்தாலும் பரவாயில்லை என்று கனகமணி அண்ணாந்து ஒரு வாய் குடித்தாள். கறிவேப்பிலை இருந்தது, கொத்தமல்லி இருந்தது, பெருங்காயம் இருந்தது. இஞ்சி இல்லை.